புனிதப் பொருளைப் போர்த்திய துணிகளை அடியொற்றிக் கைத்தறியில் ஒரு படைப்பு: வழிகாட்டுதல் வேண்டும்

தறிநிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தற்போது ஜவுளி வடிவமைப்பு பயின்று வருகிறேன். இறுதியாண்டுப் படைப்பாக, உடுத்துவதற்காக அல்லாமல் கண்காட்சியில் தொங்கவிடுவதற்காக ஒரு கைத்தறித் துணியை நெய்ய வேண்டும். புனிதர்களின் எலும்புகளைப் பொதிந்து வைத்த பட்டுகள், திருநூல்களின் மேல் போர்த்திய துணிகள், சடங்குக்கென்றே நெய்யப்பட்ட ஆடைகள் ஆகியவற்றைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவற்றிலிருந்துதான் என் படைப்பு பிறக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படிப் பிறக்க வேண்டும் என்பதில்தான் தெளிவு தேவைப்படுகிறது.

வீட்டில் இருப்பது குழித்தறி. அதன்மேல் ஜக்கார்டு பெட்டி ஏற்றியிருக்கிறோம். என் தந்தைக்கு அடை (கயிறுகளை இழுத்து உருவம் எழுப்பும் அமைப்பு) கட்டி நெய்யும் பழைய முறையும் கைவரும். ஆகவே சிலுவை, தாமரை, தீபம், திருவடி என்று எந்தச் சின்னத்தையும் வரைந்து, அட்டை குத்தி, துணியில் கொண்டுவந்துவிட முடியும். ஆனால் அதற்கு என் மனம் ஒப்பவில்லை. அதே சின்னத்தை அச்சிட்ட துணியிலும் காணலாம், சுவரோவியத்திலும் காணலாம். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் இடத்தில் மட்டுமே நிகழக்கூடிய ஏதோ ஒன்று அந்தப் பழைய துணிகளில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

கேட்க விரும்புவது இரண்டு. ஒரு துணிக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது: அதில் நெய்த உருவத்திலிருந்தா, அது போர்த்திய பொருளிலிருந்தா, நெய்த முறையிலிருந்தா? அடுத்து, இதை முன்பே சிந்தித்து நெய்தவர்கள் யார், தறியில் அவர்கள் செய்தது என்ன? ஒரு துணியை அருகிலிருந்து பார்ப்பதைப் போல யாரேனும் விளக்கிச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். எந்த மதத்தைச் சேர்ந்த துணியானாலும் சரி.

பேழை

வணக்கம். எலும்புப் பொதிவுப் பட்டுகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் முதற்கேள்விக்கு அவை தரும் விடை பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் புனித ஜோஸின் போர்வை என்று அழைக்கப்படும் பட்டுத் துண்டுகள் இருக்கின்றன. எதிரெதிரே நிற்கும் யானைகள், ஓரத்தில் வரிசையாக நடக்கும் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், மூலையில் ஒரு சேவல் என்று அமைந்த துணி அது. யானைகளின் காலடியில் கூஃபி என்னும் பழைய எழுத்துவகையில் ஓர் அரபு வாசகம் நெய்யப்பட்டிருக்கிறது. அபூ மன்சூர் பக்தகீன் என்ற படைத்தலைவருக்குப் புகழும் நற்பேறும் வேண்டி, அவருடைய ஆயுளை இறைவன் நீட்டிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. வடகிழக்கு ஈரானை உள்ளடக்கிய குராசான் பகுதியில் சாமானித் வம்ச அரசர்களின்கீழ் இருந்த அந்தத் தலைவர் 961இல் அரச ஆணையால் கொல்லப்பட்டார் என்பதால், துணி அதற்கு முற்பட்டது என்று கொள்கிறார்கள். 1134இல் வட பிரான்சின் மடம் ஒன்றில் புனித ஜோஸின் எலும்புகளை இடம் மாற்றியபோது, அவற்றைப் பொதிய எடுத்தது இந்தப் பட்டைத்தான். தன் ஆயுளுக்காக ஒரு முஸ்லிம் தலைவர் வேண்டிக்கொண்ட வாசகம், கிறித்தவத் துறவி ஒருவரின் எலும்பைச் சுற்றிக்கொண்டு பல நூற்றாண்டுகள் இருந்திருக்கிறது.

இது தனித்த நிகழ்வன்று. ஜெர்மனியின் ஆகன் நகரில் சார்லமேன் பேரரசரின் எலும்புகளோடு இருந்த யானைப் பட்டு, கான்ஸ்டான்டிநோபிளின் அரசத் தறிக்கூடத்தில் 1000ஆம் ஆண்டையொட்டி நெய்யப்பட்டது. அதன் கிரேக்க வாசகத்தில் இருப்பவை இறைவனின் பெயர்கள் அல்ல, தறிக்கூடத்துக்குப் பொறுப்பான அலுவலர்களின் பெயர்கள். இங்கிலாந்தின் டர்ஹம் தேவாலயத்தில் புனித கத்பர்ட்டின் கல்லறையை 1827இல் திறந்தபோதும் கிழக்கிலிருந்து வந்த பட்டுகள் கிடைத்தன. அவர் மறைந்தது 687இல். பின்வந்தவர்கள் வெவ்வேறு காலங்களில் தங்களிடமிருந்த ஆகச் சிறந்த துணியைக் கொண்டுவந்து அவர் மேல் சாத்தியிருக்கிறார்கள். ஆகவே இந்த வகையில் துணிக்குப் புனிதம் வந்தது உருவத்திலிருந்து அன்று, அது தொட்டுக்கொண்டிருந்த பொருளிலிருந்து.

ஆனால் நெய்பவராகிய உங்களுக்கு இதில் இன்னொரு செய்தி இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். புனித ஜோஸின் போர்வை சாமைட் என்னும் கூட்டு நெசவில் அமைந்தது. அதில் இரண்டு பாவுகள் உண்டு. மெல்லிய பாவு ஒன்று ஊடைகளை ட்வில் (சாய்வரி தெரியும் நெசவு) முறையில் கட்டிப் பிடிக்கிறது. மற்றொன்று தடித்த உள்பாவு. எந்த நிற ஊடை முகத்துக்கு வர வேண்டும், எது பின்னால் மறைய வேண்டும் என்று பிரித்து நிறுத்துவது அதுதான். அந்த உள்பாவு துணியின் முகத்திலும் தெரியாது, முதுகிலும் தெரியாது. யானையும் ஒட்டகமும் எழுத்தும் அதன் ஏவலில்தான் உருவாகின்றன, ஆனால் அதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் துணி கிழிய வேண்டும். பேழைக்குள் மறைந்திருக்கும் எலும்பைப் பற்றி ஒரு படைப்பு நெய்ய விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான நெசவமைப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யானையை நகலெடுக்காதீர்கள். அந்த உள்பாவை எண்ணிப் பாருங்கள்.

கிழக்குத்திசை

பேழை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது பாதி விடைதான். வழிபாட்டுக்கென்றே, வழிபாட்டின் உள்ளடக்கத்தையே உருவமாக்கி நெய்த துணியும் உண்டு. அசாமின் பிருந்தாவனி வஸ்திரத்தை நீங்கள் கட்டாயம் ஆராய வேண்டும்.

ஸ்ரீமந்த சங்கரதேவர் (1449–1568) அசாமில் வைணவ பக்தி இயக்கத்தை வேரூன்றச் செய்தவர். கோச் நாட்டு அரசர் நரநாராயணனின் தம்பியும் படைத்தலைவருமான சிலாராய், பிருந்தாவனத்தில் கண்ணன் நிகழ்த்திய லீலைகளைத் துணியில் காண விரும்பினார் என்றும், அதற்கிணங்கச் சங்கரதேவர் தம் முதிய வயதில் பார்பேட்டாவை அடுத்த தாந்திகுச்சியில் நெசவாளர்களைக் கொண்டு அத்துணியை நெய்வித்தார் என்றும் சரித நூல்கள் சொல்கின்றன. காட்சிகளைத் தேர்ந்ததும் நிறங்களை முடிவு செய்ததும் அவரே என்றும், நெசவை முன்னின்று நடத்தியவர் அவருடைய சீடர் மதுராதாஸ் என்றும் மரபு கூறுகிறது. 120 முழ நீளமும் 60 முழ அகலமும் கொண்டதென்று அந்தத் துணியைப் பற்றிப் பேசுவார்கள்.

இன்று நாம் காணக்கூடியவை, அந்த மரபில் பின்னர் நெய்யப்பட்ட துணிகள். அவற்றுள் மிகப் பெரியது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, ஒன்பது மீட்டருக்கும் அதிகமான நீளமுடையது. பன்னிரண்டு பட்டைகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்து ஒரே தொங்கலாக்கியிருக்கிறார்கள். காளியன் தலைமேல் நடனம், பகாசுரனாகிய கொக்கின் அலகைப் பிளத்தல், கோபியரின் ஆடையைக் கவர்ந்து மரமேறுதல், அவற்றோடு அவதாரங்களின் வரிசை என்று அடுக்கடுக்காகக் காட்சிகள் அமைந்துள்ளன. இடையே அசாமிய எழுத்தில் வாசகமும் நெய்யப்பட்டிருக்கிறது. அது காளிய மர்த்தனத்தைப் பொருளாகக் கொண்டு சங்கரதேவர் இயற்றிய ‘காலி தமன்’ நாடகத்தின் வரிகள்.

இதில் நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது, காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதை. ஒரே கண்ணன், ஒரே காளியன், ஒரே கொக்கு, பட்டையின் நீளம் முழுவதும் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். அச்சுத் துணியில் இதே திரும்பல் வெறும் சிக்கனமாகத் தோன்றக்கூடும். ஆனால் சங்கரதேவரின் மார்க்கத்தில் சிலை வழிபாடு முதன்மையானதன்று. கேட்பதும் பாடுவதுமே வழிபாடு. அசாமின் நாம்கர் என்னும் தொழுகைக் கூடங்களில் ஒரே நாமத்தை அலையலையாகத் திரும்பப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு, இழுவைத் தறியில் ஒரே கயிற்றுக் கட்டை மறுபடியும் மறுபடியும் இழுத்து ஒரே உருவத்தை எழுப்பும் செயல் எதனோடு ஒத்திசைகிறது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கூடங்களில் பீடத்தின்மேல் சிலைக்குப் பதிலாகப் பாகவதச் சுவடி வீற்றிருக்கும்; இவ்வகைத் துணிகள் அந்தத் திருநூலைப் போர்த்தவும் பீடத்தை அலங்கரிக்கவும் பயன்பட்டன என்பதே ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கருத்து. சொல்லைப் பொதிந்த துணியிலேயே சொல்லையும் நெய்திருக்கிறார்கள்.

நெசவமைப்பு லாம்பாஸ். இதிலும் இரண்டு பாவு, ஆனால் சாமைட்டிலிருந்து வேறு. தளத்தை ஒரு பாவும் அதன் ஊடையும் நெய்துகொண்டு போகும். உருவத்துக்கான ஊடைகள் மேலே மிதந்து வர, அவற்றை இரண்டாம் பாவு அழுத்திக் கட்டும். நெருங்கிப் பார்த்தால் தளமும் உருவமும் ஒரே துணியில் வாழும் இரண்டு துணிகள் என்பது விளங்கும். அசாமில் இந்த நெசவு பிற்காலத்தில் வழக்கொழிந்து போயிற்று. வீட்டுக்கு வீடு தறி இருக்கும் அந்த நிலத்தில் இப்படி ஒன்று அறுபட்டுப் போனது எனக்குத் தீராத வருத்தம்.

பேழை சொன்ன மதம் கடந்த பயணம் இங்கும் உண்டு. லண்டனிலுள்ள இந்தத் தொங்கல் கிடைத்த இடம் அசாம் அன்று. திபெத்தில் கோப்ஷி என்னும் ஊரின் பௌத்த மடாலயம். 1903–04இல் திபெத்துக்குள் புகுந்த பிரிட்டிஷாரின் யங்ஹஸ்பண்ட் படையோடு சென்ற செய்தியாளர் பெர்சிவல் லாண்டன் வழியாக 1905இல் அது அருங்காட்சியகத்துக்கு வந்தது. பட்டைகளை ஒன்றாகத் தைத்துச் சீனப் பட்டுகளை இணைத்துத் தொங்கலாக்கியது இமயத்துக்கு அப்பால்தான். ஒரு படைப்பின் பாதி, நெய்தவர் கையை விட்டுப் போன பிறகே நிகழ்ந்திருக்கிறது.

திருவடிநிலை

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிய விரும்புகிறேன். மேலே சொன்னவை அனைத்தும் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை. நம் கோயில்களில் சுவாமிக்குச் சாத்திய வஸ்திரம் மறுநாளே களையப்படுகிறது. பரிவட்டமாக ஒருவர் தலையில் ஏறுகிறது, பிரசாதமாக ஒரு வீட்டுக்குப் போகிறது, அங்கே நைந்து தீர்கிறது. சடங்கில் துணியின் இயல்பே கைமாறுவதும் தேய்வதும்தான். அதைச் சுவரில் நிலையாகத் தொங்கவிடும்போது, சடங்கிலிருந்து எடுக்க வேண்டிய முக்கியமான ஒன்றை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். படைப்பைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு பொருளைப் போர்த்தக்கூடியதாக, மடிக்கக்கூடியதாக, ஒருநாள் யாருக்கேனும் கொடுத்துவிடக்கூடியதாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இருள்நூல்

திருவடிநிலை ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது, அதற்குச் சான்றாகவே கஅபாவின் கிஸ்வாவைச் சொல்லலாம். மக்காவின் அந்தக் கறுப்புப் போர்வை ஆண்டுதோறும் புதிதாகச் சாத்தப்படுகிறது. களைந்த பழைய போர்வையை வெட்டித் துண்டுகளாகப் பிறருக்கு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நெய்யும்போதே பிரிந்து போவதற்கென்று நெய்யப்படும் துணி அது.

பொன்னிழையால் எழுத்து வேலை செய்த பட்டையைத்தான் எல்லோரும் படத்தில் பார்க்கிறோம். அது தையல் வேலை. நெசவு மாணவியாகிய உங்களுக்கு வேண்டியது அதன் கீழே விரியும் கறுப்புத் துணி. அதில் இறைப்பெயரும் கலிமா என்னும் இறைநம்பிக்கை உறுதிமொழியும் வளைந்து செல்லும் வரிசைகளாக நெய்யப்பட்டிருக்கின்றன. கறுப்பின்மேல் கறுப்பு, நிற வேறுபாடு சிறிதும் இல்லை. எழுத்தும் தளமும் வெவ்வேறு நெசவில் அமைந்திருப்பதால், ஒளி விழும் கோணத்துக்கேற்ப ஒன்று மின்னும், மற்றது அடங்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கறுப்பு, அருகில் செல்பவருக்கு அது வாசகம். நீங்கள் தேடிய, அச்சில் பெற முடியாத, நெசவில் மட்டுமே நிகழும் ஒன்று இதில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

கண்காட்சிக்கென்றே நெய்தவர்களில் ஒருவரையாவது நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அன்னி ஆல்பர்ஸ் (1899–1994) பெர்லினில் யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர்; ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியின் நெசவுக்கூடத்தில் பயின்று, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம், நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக ஒரு படைப்பை நெய்து தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டது. 1966–67இல் அவர் நெய்து முடித்த ‘ஆறு பிரார்த்தனைகள்’ ஒடுங்கிய ஆறு நெடும்பட்டைகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆளுயரம். பருத்தி, லினன், நார், வெள்ளி மினுக்குநூல் ஆகியவற்றில் கறுப்பும் வெள்ளையும் மணல் நிறமும்தான். முகமில்லை, விளக்கில்லை, தாவீதின் விண்மீனும் இல்லை.

அப்படியென்றால் என்ன இருக்கிறது? தளத்தின்மேல் கூடுதல் ஊடையொன்று குறுக்கே நேராகச் செல்லாமல், சிறிது முன்னேறி, திரும்பி, இறங்கி, மீண்டும் வளைந்து செல்கிறது. பார்க்கிறவருக்கு அது எழுத்தைப் போலத் தோன்றும், படிக்கப் போனால் எந்த எழுத்தும் இல்லை. ஆறு பட்டைகளிலும் அந்த நூலின் நடை வேறுவேறு. ஒன்றில் கறுப்பு மிகுந்திருக்கும், வேறொன்றில் வெளிச்சம். யூதத் தொழுகைக் கூடங்களில் திருமறையாகிய தோரா சுருள்களைத் துணி உறையிட்டு, அவை இருக்கும் பேழையைத் திரையிட்டு மறைப்பது மரபு. ஆல்பர்ஸ் அந்தப் பேழைகளுக்கான துணிகளையும் நெய்தவர். டல்லஸ் நகரிலுள்ள எமானுவேல் தொழுகைக் கூடத்துக்கு 1957இல் செய்தவை அவற்றுள் அடங்கும். எழுத்தை மறைக்கும் துணியை நெய்த கை, பின்னர் எழுத்தாகவே தோன்றும் துணியை நெய்திருக்கிறது. துயரத்தைச் சின்னமாக வரையாமல், ஒரு நூல் போகும் வழியாக ஆக்கிக் காட்டியதால்தான் அந்தப் படைப்பின் முன் நிற்பவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

தறிநிழல்

அனைவருக்கும் என் நன்றி. மறைந்திருக்கும் உள்பாவு, ஒரே நிறத்தில் அடங்கிய வாசகம் ஆகிய இரண்டும் என்னை விடுவதாக இல்லை. திருவடிநிலை ஐயாவின் கருத்தையும் ஏற்று, சுவரில் அறையாமல் ஒரு மரப்பேழையின் மேல் போர்த்தி இருபுறமும் தொங்கும்படி நெய்யலாம் என்று எண்ணுகிறேன்.

இரண்டு ஐயங்கள். சடங்கில் காலத்துக்குப் பங்கு உண்டல்லவா, இத்தனை நாழிகைக்குள் முடிக்க வேண்டும் என்பதைப் போல? அதை நெசவில் கடைப்பிடித்தவர்கள் உண்டா? மற்றது, சாமைட்டை எங்கள் குழித்தறியில் நெய்ய இயலுமா?

கிழக்குத்திசை

உண்டு, அதுவும் அசாமிலேயே. அங்கே ஆட்சி செய்த ஆகோம் மக்களின் மரபில் போருக்குச் செல்லும் கணவனுக்கு மனைவி கவச் காபோர் என்னும் துணியை நெய்து கொடுப்பாள். பஞ்சை நூலாக்குவது முதல் துணியாக்குவது வரை எல்லாம் ஒரே இரவுக்குள் முடிந்தாக வேண்டும். அப்போதுதான் அது அவனைக் காக்கும் என்பது நம்பிக்கை. 1532இல் நிகழ்ந்த போரில் கணவனை இழந்து, தானே வாளேந்திக் களம் புகுந்த மூலா காபரு, அந்தத் துணியை உரிய முறையில் நெய்து கொடுக்க இயலாமல் போனதை எண்ணி வருந்தினாள் என்ற கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது.

பௌத்த நாடுகளில் இதுவே காணிக்கையாக விளங்குகிறது. மியான்மரில் தசௌங்மோன் மாதப் பௌர்ணமிக்கு முந்தைய இரவில் பெண்கள் அணியணியாகத் தறியில் அமர்ந்து, விடிவதற்குள் சீவரம் என்னும் துறவாடையை நெய்து முடித்துப் புத்தர் சிலைக்குச் சாத்துகிறார்கள். யாங்கோனின் ஷ்வேதகோன் பகோடாவில் இது போட்டியாகவே நடக்கிறது. தாய்லாந்திலும் லாவோசிலும் சுல கதின் என்ற சடங்கில் பருத்தி எடுப்பது, நூற்பது, நெய்வது, தைப்பது, சாயமிடுவது அனைத்தும் ஒரே நாளுக்குள். அந்தத் துணிகளில் உருவம் எதுவும் இல்லை, நெசவும் வெற்று நெசவுதான். அவற்றின் புனிதம் முழுவதும் அந்த இரவில் பலர் கூடி உழைத்ததில் இருக்கிறது. உங்கள் மூன்று விடைகளில் மூன்றாவதற்கு இதுவே தூய்மையான சான்று.

ஓலைக்கட்டு

மியான்மர் என்றதும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. அங்கே ஓலைச்சுவடியைத் துணியில் பொதிந்து, அதன்மேல் சாசிஜ்யோ என்ற பருத்தி நாடாவைச் சுற்றிக் கட்டுவார்கள். தறியே தேவையில்லை, துளையிட்ட சிறு பலகைகளில் பாவைக் கோத்து, பலகைகளைத் திருப்பித் திருப்பி நெய்வது. விரலகலமே உள்ள அந்த நாடாவில், சுவடியைக் கொடையளித்தவர் பெயர், செய்த புண்ணியம், நிர்வாணம் வேண்டும் என்ற வேண்டுதல் ஆகியவை பர்மிய எழுத்தில் பல முழ நீளத்துக்கு ஓடும்; நடுநடுவே பகோடாவும் பறவையும் வரும். சுவடியைப் படிக்க எடுப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த வேண்டுதலை அவிழ்த்தாக வேண்டும், முடித்ததும் மீண்டும் சுற்றியாக வேண்டும். உங்கள் பேழைத் துணிக்கு ஒரு கட்டு நாடா தேவைப்பட்டால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்துமிதி

தறிநிழல், உன் தந்தை வயதுடையவன் என்பதால் ஒருமையில் எழுதுகிறேன் அம்மா, பொறுத்துக்கொள். சாமைட் உங்கள் தறியில் தாராளமாக ஏறும். அதற்கான வழியைச் சொல்கிறேன்.

இரண்டு பாவையும் ஒரே உருளையில் சுற்றாதே. கட்டும் பாவு ஒவ்வோர் ஊடையோடும் பின்னிப் போவதால் வேகமாகச் சுருங்கும். உள்பாவு ஏறக்குறைய நேராகவே கிடக்கும். ஒரே உருளையில் இருந்தால் ஒரு முழம் போவதற்குள் ஒன்று விறைத்து, மற்றொன்று தொய்ந்துவிடும். உள்பாவைத் தடித்த முறுக்கு நூலில் ஓட்டி, அதை மட்டும் ஜக்கார்டிலோ அடையிலோ கோத்துக்கொள். கட்டும் பாவு மெல்லிய பட்டு. அதை மூன்று விழுதில் எடுத்து மூன்று மிதியில் கட்டினால் ட்வில் வந்துவிடும். ஊடைக்கு முறுக்கில்லாத பட்டு வேண்டும். முறுக்கேறிய ஊடை கயிறாக நின்றுவிடும், பரவி மூடாது. மூடாவிட்டால் உள்பாவு பல்லிளித்துவிடும். அச்சும் (பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் தறிச்சீப்பு) நீங்கள் சேலைக்குப் பூட்டுவதைவிடத் தளர்வாக இருக்கட்டும், ஊடை நெருங்கி உட்கார இடம் வேண்டும்.

இரண்டு நிறம் என்றால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஊடை. முதல் நாடா (ஊடையை எடுத்துச் செல்லும் ஓடம்) போகும்போது உள்பாவில் ஒரு பகுதி எழும், இரண்டாம் நாடா போகும்போது அதன் மறுபகுதி எழும். அதனால் முகத்தில் வெண்மையாக வரும் இடம் முதுகில் கறுப்பாக வரும். பேழையின்மேல் போர்த்தும் துணிக்கு இது நல்ல குணம். மடிந்து விழும் முனையில் மறுபக்கமும் கண்ணில் படும்.

இங்கே ஒரு யோசனை. உள்பாவை வெள்ளையாக விடாமல், வேண்டிய வாசகத்தை அந்த நூலிலேயே முன்கூட்டிக் கட்டிச் சாயமேற்றி ஓட்டினால், வாசகம் துணிக்குள் முழு நீளத்துக்கும் இருக்கும், வெளியே ஓர் எழுத்தும் தெரியாது. பார்ப்பவருக்குக் காட்ட வேண்டுமென்றால் துணியின் ஓரத்தில் ஒரு சாண் நீளம் ஊடை கொடுக்காமல் பாவை அப்படியே விட்டுவிடலாம். சாயம் கசியாத நூலாகத் தேர்ந்துகொள். ஊடையில் கறை இறங்கினால் அந்த உழைப்பு வீண்.

கறுப்பின்மேல் கறுப்பை இதே துணியில் திணிக்க வேண்டாம். அதற்கு ஒரே பாவு போதும். தளத்தில் பாவு மேலோங்கும் சாட்டின், எழுத்தில் ஊடை மேலோங்கும் சாட்டின், ஜக்கார்டில் எளிதாக வரும். அதைப் பேழையின் உள்விரிப்பாகத் தனியே நெய். இரண்டையும் முதலில் ஒரு முழம் மாதிரி நெய்து பார்த்த பிறகு முழுப் பாவை ஏற்று. கண்காட்சி அமைப்பவர்களிடம் விளக்கை நேர் எதிரே வைக்க விடாதே. கறுப்புச் சாட்டினுக்கு ஒளி பக்கவாட்டில், தாழ்வாக வர வேண்டும். நேர் விளக்கில் உன் எழுத்து எதுவும் எழும்பாது.